தொழிற்களத்தில் உறுப்பிழந்தோர் வாழ்வு

போர்க்களத்தில் மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் பெயரிட்டுப் போற்றியது பழந்தமிழ். வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் வரலாற்றைச் சங்கப் புலவர் பாடிவைத்தனர். புண்ணுக்கும் மானத்திற்கும் இத்துணை நெருங்கிய உறவு கண்ட மொழியில், ஏர்க்களத்திலும் உலைக்களத்திலும் மரமேறும் தொழிலிலும் பட்ட புண்ணுக்குப் பெருமைப் பெயரொன்று வழக்கில் நிலைபெறவில்லை. தொழிலால் கால் இழந்தவனும் முடவன். பிறவியிலேயே கால் குறையுற்றவனும் முடவன். பெயர் இல்லாத இடத்தில் உரிமையும் எளிதில் முளைப்பதில்லை. தொழில் செய்யுங்கால் கையோ காலோ கண்ணோ இழந்து உயிர்பிழைத்தவனுடைய பிற்கால வாழ்வை அறமும் அரசும் சட்டமும் எவ்வாறு நோக்கின என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இறந்தவன் கணக்கு முதலில் எழுதப்பட்டது. அடுத்து இழந்த உறுப்பின் கணக்கு எழுதப்பட்டது. பிழைத்திருப்பவன் வாழ்வின் கணக்கோ மிகப் பிற்பட்டே தொடங்கிற்று என்பது எம் கருத்து.

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்குங்கால், மக்கட் பிறப்பிற்கு நேரும் எச்சங்கள் எட்டினை எண்ணிக் காட்டுகின்றார். கூனும் ஊமையும் செவிடும் அவற்றுள் அடங்கும். அவை பிறப்பைப் பற்றியன. உழைப்பின் விளைவாய் வரும் குறை அவ்வெண்ணிக்கையில் இல்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், மதுரையில் தான் இரந்து பெற்ற உணவைக் கண்ணிழந்தோர், செவிகேளாதோர், கால் முடப்பட்டோர், ஆதரவற்றோர், பிணியாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். இவன் கால் எவ்வாறு முடமாயிற்று என்று ஆபுத்திரன் வினவவில்லை. வினவாமையே அவ்வறத்தின் பெருமை; அதன் எல்லையும் அதுவே. காரணம் கேளாத இடத்தில் பொறுப்பேற்பாரும் இலர். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தது. அச்சோறு அவனுக்கு வரவேண்டிய கடன் என்று எவரும் எண்ணினார் அல்லர்.

கல்வெட்டுகளை நோக்குவோமாயின் கடன் என்னும் எண்ணம் தலைகாட்டுகின்றது. ஊர் காத்தும் ஆநிரை மீட்டும் உயிர்நீத்தாருடைய குடும்பத்திற்கு விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி, இரத்தக்காணி, நெய்த்தோர்பட்டி எனப் பெயர்பெற்றது. நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாக நிலம் என்பதை இச்சொற்களே விளக்குகின்றன. ஆயினும் இக்கொடை பெரும்பாலும் இறந்தவனைச் சார்ந்தது. அதே சண்டையில் கை இழந்து வீடு திரும்பியவனுக்கு நடுகல்லும் இல்லை.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு இன்னும் ஒருபடி நுட்பமானது. முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் வேறு பல பணியாளரையும் குடியமர்த்தி, பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என வகுத்தான். பங்கு பெற்றார் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அவருக்கு அணுக்கரான உறவினர் அப்பணியைச் செய்து நெல் பெறுக என்றும், அவ்வுறவினர் தாம் தகுதியிலராயின் தகுதியுடையார் ஒருவரைக் கொண்டு பணி செய்வித்து நெல்லைப் பெறுக என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. இவ்விதி உறுப்பிழந்தோரைக் கருதி எழுந்ததன்று. எனினும், பணி செய்ய இயலாதவனுடைய வாழ்வூதியம் அவனுடைய இயலாமையோடு அற்றுப்போதல் ஆகாது என்னும் நெறி அதனுள் கிடக்கின்றது. தொகையாகக் கொடுத்துத் தீர்த்துவிடாமல் ஆண்டுதோறும் நெல்லாக அளக்கும் முறை அது. பின்வரும் செய்திகளோடு ஒப்பிடுதற்கு இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஓர் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. அது வீரசோழன் என்னும் பெயருடையது; 15 படுக்கைகள் கொண்டது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மருந்து கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டனர். ஆங்குப் பயின்ற மாணவரும் கோயிற் பணிசெய்தோருமே அச்சாலையின் பயனை நுகர்ந்தோர் என்பது நம் பொருளுக்கு வேண்டிய செய்தியாகும். பணியாளருடைய நோய்க்கு அவரைப் பணிகொண்ட நிறுவனமே மருந்தளித்தது என்பதற்கு 11ஆம் நூற்றாண்டிலேயே சான்று கிடைக்கின்றது. படுக்கை நீங்கியபின் அவன் எவ்வாறு பிழைத்தான் என்பது மருத்துவச்சாலையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அக்காலத்தில் அது குடும்பத்தின் சுமை.

பொறிகள் வந்தபின் நிலைமை வேறாயிற்று. கலப்பை காலைக் கிழிப்பினும் ஆண்டிற்கு ஒருவனைக் கிழிக்கும். சுழலும் வார்ப்பட்டையும் பற்சக்கரமும் உறங்காதவை. 1837இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த வழக்கொன்று நெடுங்காலம் தொழிலாளர் விதியை நிர்ணயித்தது. இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலை பார்த்த இளைஞன், மிகுபாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தான். நடுவர் குழு அவனுக்கு 100 பவுன் அளித்தது. ஆபிங்கர் பிரபு அத்தீர்ப்பை ஏற்றாரிலர். வேலையின் இடரை வேலையாள் தானும் அறிவான், வேண்டாவெனின் மறுத்திருக்கலாம் என்பது அவர் வாதம். கூலிக்கு வந்தவன் மறுத்தல் எளிதோ என அவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. இத்தீர்ப்பினின்று, உடன்வேலை செய்வானுடைய பிழையால் நேர்ந்த கேட்டிற்கு முதலாளி பொறுப்பாகார் என்னும் கொள்கை கிளைத்தது. இந்தியாவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலுமே அக்கொள்கை ஒழிந்தது.

இந்தியாவில் 1855இல் இயற்றப்பட்ட உயிர்ச்சேத விபத்துச் சட்டம், பிறர் பிழையால் இறந்தவனுடைய மனைவி மக்கள் வழக்காடி ஈடு பெறலாம் என்றது. உதிரப்பட்டியின் சாயலை இங்கே மீண்டும் காண்கின்றோம்: முதலில் இறந்தவன். 1881இன் தொழிற்சாலைச் சட்டம் இடர்தரும் பொறிகளுக்கு வேலியிடுமாறும் விபத்துகளை அறிவிக்குமாறும் விதித்தது. அறிவிப்பு அலுவலகத்திற்குச் சென்றது. அடிபட்டவன் ஊருக்குச் சென்றான்.

சர்மனியில் 1884இல் பிசுமார்க்கு கொணர்ந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் புதுவழி வகுத்தது. யார் பிழை என்னும் வினாவையே அது தள்ளிவைத்தது. முற்றும் இயலாதவனுக்கு அவன் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இயலாமை நீங்குமளவும் காலந்தோறும் வழங்கப்பட்டது. 1900இல், பிறர் துணையின்றி வாழமாட்டாதவனுக்கு முழு ஊதியம் அளவுக்கு அத்தொகையை உயர்த்தவும் வழி செய்தனர். 1897இன் ஆங்கிலச் சட்டம் வாரந்தோறும் கூலியிற் பாதி என்றது. இரண்டும் காலந்தோறும் கொடுக்கும் முறையை அடிப்படையாகக் கொண்டவை.

1923இல் இந்தியாவில் இயற்றப்பட்டு 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ, நிலையான ஊனத்திற்கு ஒரே முறை மொத்தத் தொகை என்னும் வழியை மேற்கொண்டது. தொழிலாளி நாட்டுப்புறத்தினின்று ஆலைக்கு வந்தவன். அடிபட்டபின் ஊர் திரும்பிவிடுவான். அவனைத் தேடித் திங்கள்தோறும் பணம் அனுப்புதல் அரிது என்னும் எண்ணம் இதற்கு இடந்தந்தது. அச்சட்டத்தின் முதல் அட்டவணை நின்று நோக்கத்தக்கது. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ போயின் ஈட்டும் ஆற்றலில் இழப்பு நூற்றுக்கு 70. இடக்கை அவ்வாறு போயின் 60. இடக்கை முழங்கைக்குக் கீழே போயின் 50. ஒரு கண் 30. பெருவிரல் 25. சுட்டுவிரல் 10. ஏனைய விரல்களுள் எதுவாயினும் 5. முற்றும் இயலாத நிலைக்கு அகவை முதிர்ந்தவனாயின் 42 திங்கட் கூலி அல்லது 3,500 ரூபாய், இவற்றுட் குறைந்தது. அகவை நிரம்பாதவனாயின் 84 திங்கட் கூலி, அப்பொழுதும் 3,500 ரூபாய்க்கு மேற்படாது.

திங்கள் 20 ரூபாய் கூலி பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவனை எண்ணிக் கொள்வோம். அவனுடைய முழு உடலின் விலை 840 ரூபாய். வலக்கை 588, இடக்கை 504, கண் 252, பெருவிரல் 210, மோதிரவிரல் 42. இருபத்தைந்து அகவையில் இடக்கை இழந்தவன் இருபத்தைந்து திங்கட் கூலிக்குச் சற்று மிகுதியாகப் பெற்று ஊர் திரும்பினான். அதன்பின் அவன் முப்பதாண்டு வாழ்வானாயின் 504 ரூபாயை எத்தனை கூறிடுவது? அறுந்த நூலை ஓடும் பொறியிற் பிணைப்பவனுக்கு விரலே முதல். அவன் விரலுக்கும், அதே கூலி பெற்று வாயில் காத்தவன் விரலுக்கும் அட்டவணை ஒரே விலை வைத்தது. இடக்கைப் பழக்கமுடையான் ஒருவன் இருத்தல் கூடும் என்பதும் அதில் எண்ணப்படவில்லை. 1962இல் அட்டவணை மாற்றி எழுதப்பட்டபோதே வலம் இடம் என்னும் வேற்றுமை நீங்கிற்று. பெருவிரலுக்கு 30 ஆயிற்று.

அட்டவணையை இகழ்வது எம் நோக்கமன்று. அது தோன்றுவதற்கு முன் தொழிலாளி வழக்கு மன்றத்தில் முதலாளியின் பிழையை நிறுவவேண்டியிருந்தான். நிறுவுதற்குப் பணமும் சான்றும் அவனிடம் இல்லை. அட்டவணை வந்தபின் விரல் போயிற்று என்பதே போதும். தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி கையெழுத்திட்டாலும் அது செல்லாது என 17ஆம் பிரிவு கூறிற்று. ஆயினும் ஒரு முரணைச் சுட்டாது போதல் தகாது. இறந்தவன் குடும்பத்திற்குரிய பணத்தையும், பெண்டிர்க்குரிய மொத்தத் தொகையையும் ஆணையரிடம் கட்டுமாறும், அவற்றை வாரிசுகள் நலன் கருதி அவர் முதலீடு செய்யலாம் என்றும் 8ஆம் பிரிவு வகுத்தது. அகவை வந்த ஆண்மகனாயின் முழுத் தொகையையும் ஒரே நாளில் கையில் வாங்கிக்கொண்டான். கடன்காரரும் உறவினரும் நிறைந்த ஊருக்கு அப்பணம் போயிற்று. மொத்தத் தொகை கரைந்துபோம் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. கைம்பெண்ணுக்கு அறிந்ததைக் கையிழந்தவனுக்கு அறியவில்லை.

தற்காலிக இயலாமைக்குரிய உதவியும் முதற் பத்து நாளுக்கு இல்லை. தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு 1931இல் அறிக்கை தந்தபின், 1933இல் பத்து ஏழாயிற்று, 1959இல் மூன்றாயிற்று. பத்து நாள் பட்டினி மூன்று நாட் பட்டினியாக முப்பத்தைந்து ஆண்டு ஆயிற்று என்க.

1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமே காலந்தோறும் கொடுக்கும் முறையை இந்நாட்டில் நிலைநாட்டிற்று. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம், தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் முதற்கண் வந்தது. பஞ்சாலைகள் மிக்க நகரம் முதலில் அதனைப் பெற்றது பொருத்தமே. இழப்பு எவ்வளவு என மருத்துவக் குழு அளவிட, அதற்கேற்ற தொகை வாழ்நாள் முழுதும் வந்தது. மீண்டும் வேலையில் அமர்ந்து கூலி பெற்றாலும் அது நிற்கவில்லை. இப்பகுதியை யாம் சிறப்பாக மதிக்கின்றோம். உதவி நின்றுவிடுமோ என்னும் அச்சத்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் முடங்குவதற்கு அது இடங்கொடாது. அன்றியும் மருத்துவமும் செயற்கை உறுப்பும் அதனோடு இணைந்து வந்தன. பழைய இழப்பீட்டுச் சட்டமோ மருத்துவச் செலவை முதலாளி ஈடுசெய்யவேண்டும் என 2009இல்தான் திருத்தம் பெற்றது. 1923, 1948 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இரண்டும் 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடக்கப்பட்டுள்ளன. ஒன்று மொத்தத் தொகை, மற்றது காலத்தொகை என்னும் இருவகை அத்தொகுப்பினுள்ளும் தனித்தனியே நிற்கின்றது.

அட்டவணையின் இறுக்கத்தைத் தளர்த்திய தீர்ப்பு 1975 திசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. ஒரிசாவில் திரையரங்கு ஒன்றில் அழகு வேலை செய்த தச்சன் ஒருவன் விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டான். அட்டவணைப்படி அது பகுதி ஊனமே என்றார் முதலாளி. ஒரு கையால் தச்சு செய்தல் இயலாது. ஆகவே இது முழு ஊனம் என்றார் ஆணையர். ஆணையர் சொல்லையே நீதிமன்றம் ஏற்றது. இழந்த உறுப்பை அளப்பதைவிட்டு, இழந்தவன் செய்த தொழிலை அளக்கும் நோக்கு இவ்வாறு வேரூன்றிற்று. 2010இல் ஊர்தி விபத்து வழக்கொன்றில் அந்நீதிமன்றமே இதனை விரித்துரைத்தது: ஓட்டுநனோ தச்சனோ கையை இழப்பின் பிழைப்பே போகும், அரசு அலுவலக எழுத்தர் இடக்கையை இழப்பினும் அவர் பதவி நிற்றல் கூடும்.

பணத்தின் கணக்கு இவ்வாறாக, வாழ்வின் கணக்கு மருத்துவமனைகளின் பட்டறைகளில் தொடங்கிற்று. புனேயில் 1944இல் படைவீரர்க்கெனச் செயற்கை உறுப்பு நிலையம் எழுந்தது. விழுப்புண்ணுக்கே முதன்மை என்னும் பழவழக்கு இங்கும் தொடர்ந்தது. மேனாட்டுச் செயற்கைக் கால் காலணிக்குள் அடங்குவது. நாற்காலியில் அமர்வார்க்கு ஏற்றது. நம் நாட்டு உழைப்பாளி குந்துவான், சம்மணமிட்டு உண்பான், வெறுங்காலோடு சேற்று வரப்பில் நடப்பான். 1968ஐ ஒட்டிச் செய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராமச்சந்திராவும் இரப்பரால் ஆக்கிய பாதம் இவற்றிற்கெல்லாம் வளைந்துகொடுத்தது. எழுத்தறிவு மிகுதியாகப் பெறாத கைவினைஞர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் கூடி ஆக்கியது அது. நூற்றுக்கு ஐம்பது என்று எழுதப்பட்ட காலிழப்பு, குந்த முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் ஒன்றாகாது.

தமிழகத்தில் இத்துறை வேலூரிற் கால்கொண்டது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் சாலை விபத்தில் முதுகெலும்பு சிதைந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையம், நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் வகையில் இந்தியாவில் முதலாவதாகும். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய இராமகிருட்டிணனும், 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கைகால் இயக்கம் இழந்தவர். தமிழகத்தின் பெயர்பெற்ற மறுவாழ்வு நிலையங்கள் இரண்டனையும் உறுப்பியக்கம் இழந்தவர்களே நிறுவினர் என்பதைத் தற்செயலாக யாம் கருதவில்லை. படுக்கையில் புரளுதல், படுக்கைப்புண் வாராது காத்தல், சிறுநீர் கழித்தல், வீட்டுப் படியேறுதல் ஆகியவை எந்த அட்டவணையிலும் இல்லாதவை. முதுகெலும்பு முறிந்தவனுடைய நாள் முழுதும் இவற்றாலேயே ஆனது. அவற்றைத் தாம் பட்டறிந்தவர்க்கே அவை முதன்மையாகத் தோன்றின.

வேலையும் வாழ்வின் பகுதியே. 1995இன் ஊனமுற்றோர் சட்டத்து 47ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவனைப் பணிநீக்கம் செய்தலாகாது. ஏற்ற வேறு பணிக்கு மாற்றுக. அப்பணி இல்லையேல் ஊதியம் குறையாது மிகையான பணியிடத்தில் வைத்துக்கொள்க என்றது. 2016இன் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. தஞ்சைக் கல்வெட்டின் நெறிக்கு மிக அணுகியது இதுவே. ஆயினும் இது அரசு நிறுவனங்களைப் பற்றியது. தனியார் ஆலையின் வாயில் இதற்கு உட்பட்டதன்று.

இதுவரை கூறியவற்றுள் எதற்கும் உட்படாதவன் பனையேறி. நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரப் பகுதிகளில் அவன் தொழில் பழமையானது. தன் மரத்திலோ குத்தகை மரத்திலோ ஏறுபவனுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாத இடத்தில் இழப்பீட்டுச் சட்டம் செயலற்றுப் போம். 1982இன் தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்வழி எழுந்த நலவாரியங்கள் இக்குறையை ஒருவாறு நிரப்ப முயன்றன. உறுப்பினராகப் பதிந்தவனுக்கே அவ்வுதவி.

மரத்தினின்று விழுந்தவனாயினும் பொறியில் அகப்பட்டவனாயினும், எழமாட்டாதவன் இல்லத்தில் மற்றொருவர் உழைப்பும் நின்றுவிடுகின்றது. மனைவி கூலிவேலையை விடுகின்றாள். மகள் பள்ளியை விடுகின்றாள். இழப்பீட்டுச் சட்டம் கணக்கிட்டது அடிபட்டவனுடைய கூலியை மட்டுமே. இரு கையும் இழந்தவனுக்கு அட்டவணை நூற்றுக்கு நூறு தந்தது. அவனுக்குச் சோறூட்டும் கைக்கு அதில் வரி இல்லை. இங்கிலாந்து 1946இலேயே இடையறாத் துணைக்கெனத் தனி உதவித்தொகை வகுத்தது. இந்தியாவில் ஊர்தி விபத்து வழக்குகளில் இத்துணைச்செலவு நெடுங்காலக் கணக்காக ஏற்கப்படுகின்றது; 2020இல் சிறுமி ஒருத்தியின் வழக்கில் துணையாளர் இருவருக்குரிய செலவை அவள் வாழ்நாளுக்கென உச்ச நீதிமன்றம் கணித்து வழங்கியது. ஆகவே சாலையில் அடிபட்டவனுக்குத் துணைக்குரிய பணம் கிடைக்கலாம். ஆலையில் அடிபட்டவனுக்கு அவ்வரி இல்லை. சுமையுந்து ஓட்டுநன் ஒருவன் பணியிலேயே சாலையில் அடிபட்டானாயின், 1988இன் ஊர்திச் சட்டத்து 167ஆம் பிரிவு இரு வழியும் அவனுக்குத் திறந்துவிட்டு, அவற்றுள் ஒன்றனையே தேர்ந்துகொள்ளுமாறு கூறுகின்றது. தொழிலாளர் வழியில் பிறர் பிழையை நிறுவவேண்டுவதில்லை. தொகை சூத்திரத்தால் அமையும். ஊர்தி வழியில் பிழையை நிறுவல் வேண்டும். நிறுவினால் துணையாளுக்கும் பணம் உண்டு. படுக்கையில் கிடந்தவாறே அவன் இதனைத் தேர்தல் வேண்டும்.